பன்னிரண்டாவது அட்டை முடிந்த பிறகு: தொழுநோயும் வாழ்க்கைத் தரமும்

எங்கள் தோட்டத்து லயத்தின், அதாவது வரிசைக் குடியிருப்பின், கடைசி வீட்டுப் பெரியம்மா ஒருநாள் அடுப்பிலிருந்து கேத்தலை இறக்கியபோது நான் பக்கத்தில் நின்றேன். கம்பிப் பிடி நெருப்பாய்க் கொதித்துக்கொண்டிருந்தது. நானாக இருந்தால் பழைய துணி தேடியிருப்பேன். அவர் வெறுங்கையால் தூக்கினார். அவசரமில்லாமல் இரண்டு கோப்பைகளில் தேத்தண்ணீர் ஊற்றினார். ஒன்றை என்னிடம் நீட்டினார். முகத்தில் ஒரு சுளிப்புக்கூட இல்லை. மறுநாள் காலை அவருடைய உள்ளங்கையின் குறுக்கே, பிடியின் அச்சாக, நீளமாய் ஒரு கொப்புளம் எழும்பியிருந்தது. அது எப்போது வந்தது என்று அவரே என்னிடம் கேட்டார்.

அப்போது அவர் தொழுநோய்ச் சிகிச்சை முடித்து இரண்டு வருடமாகியிருந்தது. மாதத்துக்கு ஒன்றாகப் பன்னிரண்டு மாத்திரை அட்டைகளையும் தவறாமல் விழுங்கி, கிளினிக் புத்தகத்தில் ‘சிகிச்சை பூர்த்தி’ என்று எழுதி வாங்கிவந்தவர். உடம்பில் கிருமி இல்லை. யாருக்கும் தொற்றாது. மருத்துவக் கணக்கில் அவருடைய பக்கம் மூடியாயிற்று. அப்படியானால் அந்தக் கொப்புளத்தை எந்தப் பக்கத்தில் எழுதுவது? நோய் போன பின்பும் மனிதரோடு தங்கிவிடும் இத்தகைய கணக்குகளைச் சேர்த்துப் பார்ப்பதற்காகவே நலத்துறையில் ‘வாழ்க்கைத் தரம்’ என்ற கருத்தைப் பேசுகிறார்கள்.

இந்தச் சொல் நம்மைக் கொஞ்சம் ஏமாற்றும். பள்ளிக்கூடத்தில் நாம் படித்த வாழ்க்கைத் தரம் வேறு. வருமானம் எவ்வளவு, வீட்டுக்கு மின்சாரம் உண்டா, மலசலகூடம் உண்டா, பிள்ளைகள் எத்தனையாம் ஆண்டுவரை படித்தார்கள் என்று வெளியாள் ஒருவர் வந்து எண்ணி எழுதிக்கொண்டு போகலாம். வீட்டுக்காரர் இல்லாவிட்டாலும் பக்கத்து வீட்டில் கேட்டுப் பாதிப் படிவத்தை நிரப்பிவிடலாம். இங்கே நான் சொல்வது அப்படி நிரப்ப முடியாத ஒன்று. உலக சுகாதார ஸ்தாபனம் 1990களில் கொடுத்த வரையறையை என் வார்த்தைகளில் சொல்கிறேன்: தான் வாழும் பண்பாட்டுக்குள் நின்று, தன் இலக்குகளையும் எதிர்பார்ப்புகளையும் கவலைகளையும் வைத்து, தன் வாழ்க்கை எந்த இடத்தில் இருக்கிறது என்று ஒருவர் தாமே உணர்வது. வைத்தியருக்கு இதில் வாக்கு இல்லை. மகனுக்கும் இல்லை. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் தனித்தனிச் சொற்கள் உண்டு. நாம் ஒரே சொல்லை இரண்டு வேலைக்கும் ஓட்டிக்கொண்டிருக்கிறோம். அதனால்தான் ‘தொழுநோயாளரின் வாழ்க்கைத் தரம்’ என்றதும் பலருக்கு அரிசி மூட்டை கொடுக்கும் நிவாரண நிகழ்ச்சி நினைவுக்கு வருகிறது.

நோயைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். தொழுநோய் ஒரு பாக்டீரியாவால் வருகிறது. 1873இல் நோர்வேயைச் சேர்ந்த ஹான்சன் அதைக் கண்டறிந்தார். சாபம், முன்வினை, நாகதோஷம் என்ற பேச்செல்லாம் அந்த ஆண்டோடு முடிந்திருக்க வேண்டும், முடியவில்லை. சிகிச்சை பெறாத ஒருவரோடு நீண்ட காலம் நெருங்கி வாழும்போது, மூக்கு வாய் வழியாக வரும் நுண்துளிகளால் பரவுகிறது என்பதே இன்றைய புரிதல். கைகொடுப்பதாலோ ஒரே பஸ்ஸில் பக்கத்தில் உட்காருவதாலோ வருவதில்லை. கிருமி உள்ளே போனாலும் பெரும்பாலானவர்களின் உடம்பு அதைத் தானே அடக்கிவிடும். அடங்காதவர்களுக்கு அடையாளம் தெரியச் சராசரியாக ஐந்து வருடம், சிலருக்கு இருபது வருடம்கூட ஆகும். சிகிச்சை தொடங்கியதும் அவரிடமிருந்து பரவுவது நின்றுவிடுகிறது. 1981இல் உலக சுகாதார ஸ்தாபனம் பரிந்துரைத்த கூட்டு மருந்துச் சிகிச்சை இலங்கைக்கு 1983இல் வந்தது: ரிஃபாம்பிசின், டாப்சோன், குளோஃபஸிமின். நோய் லேசாக இருந்தால் ஆறு மாதம், பரவலாக இருந்தால் பன்னிரண்டு மாதம். காசு வாங்குவதில்லை.

கிருமியைக் கொல்லலாம், அது கடித்துவைத்த நரம்பைத் திருப்பித் தர முடியாமல் போகலாம். சிக்கல் முழுவதும் இங்கேதான். முழங்கையின் பின்புறம் ஓடும் நரம்பு கெட்டால் சுண்டுவிரலும் மோதிரவிரலும் மடங்கிப்போகும். முழங்காலுக்குக் கீழே வெளிப்பக்கம் ஓடும் நரம்பு கெட்டால் பாதம் தொங்கும். கணுக்காலின் உட்புற நரம்பு போனால் உள்ளங்கால் மரத்துவிடும். முக நரம்பு போனால் இமை மூடாது. இந்தப் பாதிப்பை வைத்தியர்கள் 0, 1, 2 என்று தரம் பிரிக்கிறார்கள். உணர்வும் இருக்கிறது, கண்ணுக்குத் தெரியும் குறையும் இல்லை என்றால் 0. உணர்வு மட்டும் போயிருந்தால் 1. கண்ணுக்குத் தெரியும் சேதம் இருந்தால் 2. பெரியம்மாவின் கை 1 என்று எழுதப்பட்டிருந்தது. கேத்தல் கொப்புளம் ஆறாத புண்ணாகியிருந்தால் அதே கை 2 ஆகியிருக்கும், கிருமி ஒன்றுகூட இல்லாமலே.

இந்த எண், கையைப் பற்றிப் பேசுகிறது. கைக்குச் சொந்தக்காரரைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது.

சொந்தக்காரரைக் கேட்பதற்கு உலக சுகாதார ஸ்தாபனம் ஒரு படிவம் செய்து வைத்திருக்கிறது. முதலில் 100 கேள்விகள். அதை முடிக்கப் பொறுமை யாருக்கும் இருக்காது என்பதால் 26 கேள்விகளாகச் சுருக்கினார்கள். கடந்த இரண்டு வாரத்தை மனதில் வைத்துப் பதில் சொல்ல வேண்டும். ஒவ்வொரு பதிலுக்கும் 1 முதல் 5 வரை எண். முதல் இரண்டு கேள்விகள் பொதுவானவை: உங்கள் வாழ்க்கைத் தரம் எப்படி, உங்கள் உடல்நலத்தில் திருப்தியா. மீதி 24 கேள்விகளும் நான்கு களங்களாகப் பிரிகின்றன. உடல் பற்றி ஏழு, மனம் பற்றி ஆறு, சமூக உறவு பற்றி மூன்று, சூழல் பற்றி எட்டு. வலி, தூக்கம், வேலை செய்யும் வலு ஆகியவை உடலில் வரும். சூழல் என்ற களத்தில் வீடு, பணம், பாதுகாப்பு, ஓய்வு, போக்குவரத்து, வைத்திய வசதி எல்லாம் அடக்கம்.

நான்கையும் கூட்டி ஒரே எண்ணாக்குவதில்லை. இது நல்ல ஏற்பாடு. ஒருவர் சமூக உறவுக் கேள்விகள் மூன்றுக்கும் 2, 3, 2 என்று சொன்னார் என்று வைத்துக்கொள்வோம். சராசரி 2.33. ஒன்றைக் கழித்து 25ஆல் பெருக்கினால் 33. அதாவது 0 முதல் 100 வரையான கோட்டில் 33. அதே ஆள் சூழல் கேள்விகள் எட்டுக்கும் சராசரியாக 3 சொன்னால் அங்கே 50. ஒரே மனிதருக்குள் இருக்கும் இந்த 33க்கும் 50க்கும் நடுவில்தான் பார்க்க வேண்டிய விஷயம் கிடக்கிறது. இரண்டையும் கலந்து 42 என்று ஆக்கிவிட்டால் அந்த இடைவெளி தெரியாமல் போய்விடும். இத்தனைக்கு மேல் எடுத்தால் பாஸ், கீழே ஃபெயில் என்ற கோடும் இந்தப் படிவத்தில் கிடையாது.

தொழுநோய் ஆய்வுகளில் இதனோடு வேறு அளவுகோல்களையும் சேர்த்துக்கொள்வார்கள். தோல் நோய் அன்றாடத்தை எவ்வளவு கெடுக்கிறது என்று கேட்கும் பத்துக் கேள்விப் படிவம் ஒன்று. கூட்டத்திலும் விழாவிலும் வேலையிலும் மற்றவர்கள் போல் கலந்துகொள்ள முடிகிறதா என்று கேட்கும் பதினெட்டுக் கேள்விப் படிவம் இன்னொன்று. எனக்குப் பிடித்தது இந்த இரண்டாவது. ஏனென்றால் அது ஒருவரை உலகத்தின் சராசரியோடு ஒப்பிடுவதில்லை. அவருடைய ஊரில், அவருடைய நிலையில் வாழும் இன்னொருவரோடு ஒப்பிடச் சொல்கிறது. பத்துக்குப் பன்னிரண்டு அடி லயக் காம்பராவில் இருப்பவரைக் கொழும்பு மாடிவீட்டுக்காரரோடு ஒப்பிட்டு என்ன ஆகப்போகிறது?

இந்தக் கேள்விகளை மலையகத்துத் தேயிலைத் தோட்டத்துக்குள் கொண்டுவந்து பார்த்தால் ஒவ்வொன்றுக்கும் சதையும் ரத்தமும் வந்துவிடுகிறது.

வேலை செய்யும் வலுவை எடுத்துக்கொள்ளுங்கள். கொழுந்து பறிப்பது கட்டைவிரலும் சுட்டுவிரலும் செய்யும் வேலை. இரண்டு இலையும் மொட்டும் எங்கே ஒடிய வேண்டும் என்பதைக் கண் பார்ப்பதற்கு முன்பே விரல் நுனி அறிந்துவிடும். மரத்துப்போன விரல் ஒவ்வொரு முறையும் கண்ணைக் கேட்க வேண்டியிருக்கிறது. அதனால் கை ஓய்ந்துவிடுவதில்லை, தாமதிக்கிறது, அவ்வளவுதான். ஆனால் தோட்டத்தில் தாமதத்துக்கு விலை உண்டு. குறித்த கிலோ வராவிட்டால் பேர், அதாவது ஒருநாள் சம்பளம், அரைப் பேராகிவிடும். நிறுக்கும்போது கணக்கப்பிள்ளை சொல்லும் எண்ணில் நரம்பு தெரியாது, சோம்பல்தான் தெரியும். பிறகு மலைச்சரிவு. அட்டை கடிப்பது யாருக்கும் உடனே தெரியாது, அந்த மட்டில் எல்லோரும் சமம். ஆனால் கவ்வாத்து வெட்டிய மலையில் குச்சி முனை உள்ளங்காலில் ஏறினால் மற்றவர்கள் ‘அம்மா’ என்று உட்கார்ந்துவிடுவார்கள். உணர்வில்லாத கால் அந்தக் குச்சியோடு மாலைவரை நடக்கும்.

வலி இல்லாததை நாம் வரம் என்று நினைப்போம். ‘வலி உங்களை எவ்வளவு தடுக்கிறது’ என்ற கேள்விக்கு இப்படிப்பட்டவர் ‘இல்லவே இல்லை’ என்று நல்ல மதிப்பெண் எடுத்துவிடுவார். ஒரு படிவத்தால் எவ்வளவு தூரம் பார்க்க முடியாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

வைத்திய வசதி, போக்குவரத்து என்ற இரண்டு கேள்விகளும் எங்கள் பக்கத்தில் ஒரே கேள்விதான். தோல் நோய்க் கிளினிக் பெரிய வைத்தியசாலையில் இருக்கும். தோட்டத்திலிருந்து டவுனுக்கு ஒரு பஸ், அங்கிருந்து இன்னொன்று; ஒருநாள் பேர் போய்விடும். போய்ச் சேர்ந்தால் மொழி. ‘மரத்துப்போயிருக்கிறது’ என்பதற்கு உடைந்த சிங்களத்தில் சொல் தேடுகிறவர் கடைசியில் ‘வலிக்கிறது’ என்று சொல்லிவிட்டு வருவதை நான் பார்த்திருக்கிறேன். இரண்டும் நேர் எதிர் என்பது வைத்தியருக்கு எப்படித் தெரியும்?

இன்னொன்று. இலங்கையில் தொழுநோயாளர் அதிகம் காணப்படுவது கொழும்பு அடங்கிய மேல் மாகாணத்தில்; மலையகத்தில் குறைவு. 2010களில் நாடு முழுவதும் ஆண்டுக்கு 2,000 பேர் அளவில் புதிதாகக் கண்டறியப்பட்டார்கள். 1995இலேயே தேசிய மட்டத்தில் ‘ஒழிப்பு’ எட்டப்பட்டது என்பது உண்மை. ஆனால் அந்தச் சொல்லுக்குப் பொருள் பத்தாயிரம் பேருக்கு ஒருவருக்கும் குறைவு என்பதுதான். ஒருவரும் இல்லை என்பதல்ல. குறைவாக இருப்பது நல்லதுதான், அதில் ஒரு கெடுதலும் உண்டு. குறைவாக இருக்கும் இடத்தில் நோயை யாரும் நினைப்பதில்லை. வெளிறிய படை, தொட்டால் உணர்வு குறைவு என்றால் ‘தேமல்’ என்று களிம்பு வாங்கிப் பூசிக்கொண்டு மாதங்களைக் கடத்துவோம். கொழும்புக் கடைகளில் நெருக்கமான அறைகளில் தங்கி வேலை செய்துவிட்டு வரும் எங்கள் பிள்ளைகளுக்கு இது பொருந்தும். அந்த மாதங்களில்தான் 0 ஆக இருந்த கை 1 ஆகிறது.

இப்போது அந்த மூன்றே கேள்விகள் கொண்ட களத்துக்கு வருகிறேன். எண்ணிக்கையில் சிறியது, பாரத்தில் பெரியது. வங்காளதேசத்தில் நடந்து 2007இல் வெளியான ஓர் ஆய்வு, தொழுநோயாளரின் வாழ்க்கைத் தரத்தையும் மனநலத்தையும் மற்றவர்களோடு ஒப்பிட்டுப் பார்த்தது. இரண்டும் குறைவாக இருந்ததில் ஆச்சரியமில்லை. வாழ்க்கைத் தரத்தை மிக அதிகமாகக் கீழே இழுத்ததோடு தொடர்புபட்டிருந்தது, தங்களை மற்றவர்கள் ஒதுக்குகிறார்கள் என்று அவர்கள் உணர்ந்த உணர்வு.

இந்த ஒதுக்கலுக்கு நம் நாட்டில் கட்டடமே உண்டு. வத்தளைக்கு அருகே ஹெந்தளையில் ஒல்லாந்தர் 1708இல் தொழுநோயாளருக்கென்று கட்டி முடித்த வைத்தியசாலை இருக்கிறது. மட்டக்களப்பு வாவியின் நடுவே மாந்தீவு இருக்கிறது. 1901இல் பிரித்தானிய ஆட்சியில் வந்த சட்டம் நோயாளரைப் பிரித்துவைக்க வழி செய்தது. ஒரு நோய்க்குத் தீவு ஒதுக்கிவிட்டால், மருந்து வந்த பிறகும் அந்தத் தீவு மனசுக்குள் கிடக்கும். தீவுக்கு இன்று யாரையும் அனுப்புவதில்லை. ஒரு தனிக் கோப்பை போதும்.

குளோஃபஸிமின் மாத்திரை தோலைச் செம்மண் கறுப்பாக்கும். மருந்தை நிறுத்திய பிறகு மெதுவாகத் தெளியும். பெரியம்மா மாத்திரை எடுத்த வருடத்தில் முகம் கறுத்தது. பீலியில் தண்ணீர் பிடிக்கப் போனால் மற்றப் பெண்கள் குடத்தை நகர்த்தி வைத்தார்கள். யாரும் ஒன்றும் சொல்லவில்லை, குடம்தான் நகர்ந்தது. அந்த வருடம் காமன் கூத்தை அவர் வீட்டு முன்திண்ணையான இஸ்தோப்பிலிருந்தே பார்த்தார். பெண் கேட்டு வந்தவர்கள் அவருடைய தங்கை மகளைப் பார்க்காமலே போனார்கள். நோயே இல்லாத ஒருத்தியின் வாழ்க்கைத் தரமும் இதில் அடிபட்டது, அது எந்தப் படிவத்திலும் ஏறவில்லை. தரம் 0 என்று எழுதப்பட்டவர்கள், அதாவது கையிலும் காலிலும் ஒரு குறையும் இல்லாதவர்கள், சமூகக் களத்தில் கீழே இறங்கிவிடக்கூடும் என்பதற்கும் இதுதான் காரணம். எப்போது யாருக்குத் தெரிந்துவிடுமோ என்ற பயத்துக்கு விரல் மடங்கியிருக்க வேண்டிய அவசியமில்லை.

நான் மட்டும் என்ன செய்தேன்? முதலில் சொன்னேனே, இரண்டு கோப்பையில் ஊற்றினார் என்று. எனக்கு நீட்டியதை வாங்கிக்கொண்டேன். ஆறட்டும் என்று சொல்லி வைத்திருந்தேன். அவர் உள்ளே போன நேரத்தில் வாசல் கானில், தண்ணீர் ஓடும் வடிகாலில், ஊற்றிவிட்டேன். தொற்றாது என்று அப்போதே எனக்குத் தெரியும்.

எதைச் செய்தால் இந்த எண்கள் ஏறும்? சீக்கிரம் கண்டுபிடிப்பதற்கு நிகர் ஒன்றுமில்லை. அடுத்தது, சிகிச்சையின்போதும் முடிந்த பின்பும் வரக்கூடிய எதிர்வினைகள்: படைகள் திடீரென்று சிவந்து வீங்கும், நரம்பு வலிக்கும், கைகால் பலம் குறையும். ‘மருந்து ஒத்துக்கொள்ளவில்லை’ என்று மாத்திரையைக் கைவிடுகிறவர்கள் உண்டு. செய்ய வேண்டியது நேர்மாறு: மாத்திரையை நிறுத்தாமல், தாமதிக்காமல் கிளினிக்குக்குப் போவது. பிரெட்னிசொலோன் நேரத்தோடு கிடைத்தால் நரம்பைக் காப்பாற்ற முடியும். மரத்த கைகாலைத் தினமும் சாதாரணத் தண்ணீரில் இருபது நிமிடம் ஊறவைத்து, தடித்த தோலை மெல்லத் தேய்த்து, ஈரம் காயுமுன் எண்ணெய் பூச வேண்டும். வெந்நீர் கூடாது, சூட்டைக் கைதான் அறியாதே. காலுக்கு மென்மையான உள்தளம் கொண்ட செருப்பு. கேத்தல் பிடிக்குத் துணிச் சுற்று. பெரியம்மா வீட்டில் பழைய சாரத்தைக் கிழித்து நூலால் இறுக்கிக் கட்டியது பொதுச் சுகாதாரப் பரிசோதகர் சொன்ன யோசனை. ஐந்து நிமிட வேலை. அதற்குப் பிறகு அந்தக் கையில் சூட்டுக் கொப்புளம் வரவில்லை.

இந்த எண்களை நம்பும்போது கொஞ்சம் கவனமும் வேண்டும். எதிர்பார்ப்பு குறைந்தவர் அதிக மதிப்பெண் போடுவார். ஓட்டைக் கூரைக்குக் கீழே பிறந்து வளர்ந்தவரிடம் வீட்டில் திருப்தியா என்று கேட்டால் 4 என்பார். கூரை நன்றாக இருப்பதால் வந்த நாலு அல்ல அது. கேட்கிறவர் யார், பக்கத்தில் இருப்பவர் யார் என்பதும் பதிலை மாற்றும். தாம்பத்திய உறவு பற்றிய கேள்வி ஒன்று படிவத்தில் இருக்கிறது. லயத்தின் நடுச்சுவர் எவ்வளவு மெல்லியது என்பது படிவம் செய்தவர்களுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை.

ஒருமுறை சிங்களம் பேசும் மருத்துவ மாணவி ஒருவர் இந்தப் படிவத்தோடு எங்கள் தோட்டத்துக்கு வந்தார். மொழிபெயர்க்க என்னை அழைத்தார்கள். பெரியம்மா இஸ்தோப்பில் பாய் விரித்து உட்கார்ந்து, ஒவ்வொரு கேள்விக்கும் நேரம் எடுத்துப் பதில் சொன்னார். தூக்கத்துக்கு 4. வேலைக்கு 2. பணத்துக்குச் சிரித்துக்கொண்டே 1. பிறகு நண்பர்களும் அக்கம்பக்கத்தாரும் தரும் ஆதரவில் எவ்வளவு திருப்தி என்று கேட்க வேண்டியிருந்தது. நான் தமிழில் கேட்டேன். அவர் வாசல் கானைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். மூன்று என்று போடச் சொன்னார். நான் அங்கே இல்லாதிருந்தால் எத்தனை சொல்லியிருப்பார் என்று எனக்குத் தெரியாது. மாணவி மூன்றை வட்டமிட்டுக்கொண்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டார்.